கோட்டுக்கு முன்னால் ஒரு எழுத்து

பிள்ளைகளே,

போன வாரம் சின்னவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனோம் அல்லவா, அங்கே டீச்சர் "தகப்பனார் பேர் சொல்லுங்க" என்று கேட்டதும் நான் வாயைத் திறந்தபடி நின்றதை நீங்கள் மூன்று பேரும் பார்த்தீர்கள். பெரியவன் பொறுக்க முடியாமல் என் பேரைச் சொல்லிவிட்டான். வரும் வழியில் நடுப்பெண் கேட்டாள், "இன்னாப்பா, உம் பேரு உனுக்கே மறந்துபோச்சா?"

மறக்கவில்லை அம்மா. என் பேர் 'க'வில் ஆரம்பிக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

எழுதும்போது எனக்குத் திக்குவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தவன் எழுத்து எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும், பிழை இருந்தால் பெரியவன் திருத்திக்கொள்ளட்டும். நான் சொல்லப்போவது உங்கள் தாய்மாமன் எனக்கு வாத்தியாராக இருந்த கதை. அவன் என்னைவிட ஏழெட்டு வயது சிறியவன் என்பது உங்களுக்குத் தெரியும்.

மற்ற எழுத்துகளை நான் எப்படியாவது தள்ளிவிடுவேன். 'ம' ஒரு முனகலோடு வந்துவிடும். 'ச' வழுக்கிக்கொண்டு போகும். இந்த 'க' மட்டும் தொண்டைக்குள் கதவைச் சாத்திக்கொள்ளும். சாத்திக்கொண்டால் நான் வெளியே நிற்க வேண்டியதுதான். அதனால் 'க' இல்லாத வாழ்க்கையாகப் பார்த்து வாழப் பழகியிருந்தேன். கல்பாக்கத்தில் வேலை இருக்கிறது என்று போனால், பஸ்ஸில் பக்கத்து ஊரான புதுப்பட்டினத்துக்கு டிக்கெட் கேட்டு வாங்கி, அங்கிருந்து நடப்பேன். காய் வாங்கப் போகிறவன் நான் என்பதால் அந்தக் காலத்தில் நம் வீட்டில் கத்திரிக்காய் கிடையாது. பூசணி, வெண்டை, முருங்கை, மறுபடியும் பூசணி. உங்கள் அம்மா, எனக்குக் கத்திரிக்காய் பிடிக்காது என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு உயிர்.

அப்போது செங்கல்பட்டில் ஒரு அரிசி ஆலையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். லோடு வந்தால் வேலை, வராவிட்டால் வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆலையில் என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ரேடியோ" என்பார்கள். ஸ்டேஷன் சரியாகக் கிடைக்காத ரேடியோ எப்படி விட்டுவிட்டுக் கொரகொரக்குமோ, என் பேச்சு அப்படி. "டேய், ரேடியோவுக்கு இன்னிக்கு சிலோன் கிடைக்கலடா" என்று ஒருவன் ஆரம்பித்தால் மூட்டை இறங்கி முடியும்வரை சிரிப்பு ஓயாது. நானும் சிரிப்பேன். வேறு என்ன செய்வது?

விளையாட்டு என்று நான் எதையும் விளையாடியதில்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர் ஒருமுறை கபடிக்கு இறக்கினார். சட்டப்படி 'கபடி, கபடி' என்று பாடித்தான் எதிர்க்கோட்டுக்குள் போக வேண்டும் என்பது அவர் கறார். நான் நடுக்கோட்டின் முன்னால் 'க்... க்...' என்று நின்றேன். இரண்டு பக்கமும் இருந்த பையன்கள் தரையில் உருண்டு சிரித்தார்கள். அன்றோடு சரி. ஆடுகளம் என்றால் ஒதுங்கிப் போகிறவனாகிவிட்டேன்.

உங்கள் அம்மாவின் ஊர் மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால், சவுக்குத் தோப்பைத் தாண்டி இருக்கிறது. ஒரு காணும் பொங்கலன்று அங்கே போயிருந்தோம். ஊர்ப் பையன்கள் சடுகுடு ஆடினார்கள். ஒரு பக்கத்தில் ஒரு ஆள் குறைந்தது. உங்கள் மாமன் வரப்பில் முழங்காலில் கட்டுப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்தப் பக்கத்திலேயே பெரிய ஆட்டக்காரன் அவன். முந்தின மாதம் ஒரு போட்டியில் எவனோ அவன் கணுக்காலைப் பிடித்துத் திருகியதில் முட்டி போயிருந்தது.

"மாமா, நீ போய் நில்லு" என்றான்.

நான் கையை ஆட்டி மறுத்தேன்.

"சும்மா ஆளுக்கு நின்னுக்கினு இரு மாமா. இன்னா, உன்ன துன்னுடுவாங்களா?"

போய் நின்றேன். கடைசியில் என் பக்கத்தில் நான் ஒருவன்தான் மிச்சம். பாடிப் போக வேறு ஆளில்லை. நடுக்கோட்டின் முன் போய் நின்றேன். டிரில் மாஸ்டரின் கோடு நினைவுக்கு வந்தது. ஆனால் அந்த ஊரில் 'கபடி' கிடையாது. அவர்கள் பாட்டு 'சடுகுடு'. வாயைத் திறந்தேன், 'ச' வழுக்கிக்கொண்டு போனது. அதன் பின்னாலேயே நானும் போனேன். சடுகுடு சடுகுடு சடுகுடு... என் வாயிலிருந்து ஒரு சொல் அவ்வளவு நேரம் தடையில்லாமல் வந்ததை நான் அதற்கு முன் கேட்டதேயில்லை. நிறுத்த மனமில்லை. மூன்று பேரைத் தொட்டுவிட்டேன். இருவர் இடுப்பைக் கட்டிக்கொண்டார்கள். ஆலையில் தினம் தூக்குகிற மூட்டைதானே என்று இழுத்துக்கொண்டு கோட்டுக்கு வந்துவிட்டேன். வந்த பிறகும் பாடிக்கொண்டே இருந்தேன்.

உங்கள் மாமன் நொண்டிக்கொண்டு ஓடிவந்தான். "மாமா! யோவ்! மூச்சாய்யா அது? ரயிலு மாதிரி கீதே!"

அன்று சாயங்காலமே அவன் விஷயத்தைச் சொன்னான். மெட்ராஸ் பக்கத்துப் பெரிய தொழிற்சாலை ஒன்று கபடி அணி சேர்க்கிறதாம். செங்கல்பட்டு மைதானத்தில் ஆட்டம் வைத்து ஆள் எடுப்பார்களாம். எடுத்துவிட்டால் அங்கேயே நிரந்தர வேலை. அவன் அதற்காகத்தான் இரண்டு வருடமாக ஆடிக்கொண்டிருந்தான். முட்டி போனதும் எல்லாம் போயிற்று. முப்பது வயது ஆனவர்களை எடுக்கமாட்டார்கள். எனக்கு அடுத்த சித்திரையில் முப்பது.

"மாமா, என் காலு போச்சு. உன் காலு கீது. நீ போ."

உங்கள் அம்மா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சின்னவள் அப்போது அவள் வயிற்றில். "என் தம்பி முட்டிய ஒடச்சிக்கினான். நீ இன்னாத்த ஒடச்சிக்கலாம்னு கீற?" என்றாள். ஆனால் மறுநாள் காலையில் என் வேட்டியை எடுத்து மடித்துவிட்டு, உங்கள் மாமனின் பழைய அரை டிராயரைத் துவைத்துக் காயப்போட்டவளும் அவள்தான்.

லோடு இல்லாத நாள்களில் செங்கல்பட்டிலிருந்து பஸ் ஏறி மாமல்லபுரம் போவேன். கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே, கட்டுமரங்கள் ஏற்றிவைத்திருக்கும் மணலில் உங்கள் மாமன் காத்திருப்பான். முதல் நாளே ஒரு சட்டம் போட்டான். "மணல்ல காலு வெச்சிட்டா நீ எனக்கு மாமா இல்ல. டேய்னுதான் கூப்புடுவேன். கோவிச்சுக்கக் கூடாது. ஊட்டுக்குப் போனா மாமா." ஒப்புக்கொண்டேன். அக்கா புருஷனை டேய் என்று கூப்பிடுவது அந்த ஊரில் லேசான காரியமில்லை. முதல் நாள் அவனுக்கே நாக்கு வரவில்லை. "டேய்... ஓடு... மாமா" என்றான். பிறகு பழகிவிட்டது. பழகியது எந்த அளவுக்கு என்றால், ஒருநாள் வீட்டில் சாப்பிடும்போது "இன்னும் கொஞ்சம் சோறு துன்றா" என்று சொல்லிவிட்டான். உங்கள் அம்மா கையிலிருந்த கரண்டியால் அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

கணுக்கால் புதையும் மணலில் பின்பக்கமாக ஓடவிடுவான். கடலில் மார்பளவுக்கு இறக்கிப் பாடச் சொல்வான். அலை வந்து முகத்தில் அடித்தாலும் பாட்டு அறக்கூடாது. வலை உலர்த்திக்கொண்டிருந்த ஆள்கள் எங்களைப் பார்த்துக் கூச்சல் போடுவார்கள். "நைனா, இன்னா உங்க மாமாவுக்கு சாமி வந்துட்சா?" என்று ஒருவர். "அண்ணாத்த, மீனு வலைக்குத்தான் வரும், பாட்டுக்கு வராது!" என்று இன்னொருவர்.

எனக்கு அது எதுவும் உறைக்கவில்லை. இருபத்தொன்பது வயதில் முதன்முறையாக ஒரு விஷயத்தில் நான் தேறிக்கொண்டிருந்தேன்.

தேர்வுக்குச் சில வாரம் இருக்கும்போது உங்கள் மாமன் செங்கல்பட்டுக்குப் போய்த் தேர்வு விவரம் விசாரித்துக்கொண்டு வந்தான். வந்தவன் மணலில் உட்கார்ந்து முட்டிக்கட்டை அவிழ்த்துத் திரும்பக் கட்டினான். மறுபடி அவிழ்த்தான். ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"சட்டப்படிதான் நடக்குமாம்" என்றான். "கபடின்னுதான் பாடணும். சடுகுடுன்னா நடுவரு விசில் ஊதிடுவாராம். கோட்டைத் தாண்டறதுக்கு முன்னயே பாட்டு வாயில இருக்கணும். கோட்டுக்குள்ள போய் ஆரம்பிச்சா அதுவும் செல்லாதாம்."

அவன் பெரிய போட்டிகளில் ஆடியவன், இந்தச் சட்டம் தெரியாதவனா? தெரியும். ஆனால் கபடியோ சடுகுடுவோ, அவனுக்கு இரண்டும் ஒரே மூச்சுதான். ஒரு எழுத்து ஒருவனை வெளியே நிறுத்திவைக்கும் என்று அன்று திரும்பும் வழியில்தான் அவனுக்கு உறைத்திருக்கிறது. அங்கேயும் சடுகுடு செல்லும் என்று நம்பிக்கொண்டு, நான்தான் அதுவரை அவனிடம் சொன்னதில்லை. சொல்ல வேண்டுமானால் அந்த எழுத்தையே சொல்ல வேண்டுமே.

"சொல்லு பாக்கலாம்" என்றான்.

நின்றேன். கதவு சாத்திக்கொண்டது. முகம் கோணி, கழுத்து நரம்பு புடைத்து, கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர 'க' வரவில்லை. அவன் என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பார்த்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அதன் பிறகு வந்த நாள்கள் வேறு. ஓட்டம் இல்லை, கடல் இல்லை. ஒரு கோடு, ஒரு சொல். மணலில் குதிகாலால் கோடு இழுப்பான். நான் அதன் முன் நிற்பேன். அலை வந்து கோட்டை அழித்துவிடும், நான் இன்னும் சொல்லியிருக்கமாட்டேன். திரும்ப இழுப்பான். "டேய், திட்டற மாதிரி சொல்லுடா." வராது. "கனவுல பேசற மாதிரி மெதுவா." வராது. கூழாங்கல்லை நாக்கடியில் வைத்துப் பார்த்தோம். உங்கள் அம்மா முருகனுக்கு வேண்டிக்கொண்டாள். ஆலைக்குப் போகாமல் போனதால் மேஸ்திரி என் இடத்தில் வேறொருவனைத் தூக்கவிட்டார். நான் திரும்பிப் போய் நின்றபோது, "இன்னா ரேடியோ, ரிப்பேருக்குப் போயிருந்தியா?" என்றார். லோடு வந்த நாள்களிலும் எனக்கு மூட்டை இல்லை. தேர்வில் எடுத்தால் தொழிற்சாலை வேலை, இல்லாவிட்டால் எந்த வேலையும் இல்லை என்று ஆகிவிட்டது.

வழியைக் கண்டுபிடித்தது உங்கள் மாமன்தான். ஒருநாள் அலுத்துப்போய், "தொடையத் தட்டிக்கினு போடா, அதயாவது ஒழுங்கா பண்ணு" என்று கத்தினான். பாடிப் போகிறவர்கள் எதிராளிக்குச் சவாலாகத் தொடையைத் தட்டுவது வழக்கம். நான் அதைச் செய்ததில்லை, வெட்கம். அன்று கோபத்தில் ஓங்கித் தட்டினேன். அந்தச் சத்தத்தோடு 'க' வெளியே விழுந்தது. விழுந்ததும் மீதி தானாக உருண்டது. கபடிகபடிகபடி...

உங்கள் மாமன் நொண்டிக்காலோடு என்னைக் கட்டிப்பிடித்து மணலில் உருண்டான்.

ஆனால் அவன் ஒருவன் இருக்கும்போதுதான் அது வரும். இன்னொரு ஆள் பார்த்தால் வராது. அதற்கும் அவன் ஒன்று செய்தான். வலை உலர்த்துகிறவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "வாய்க்கு வந்தபடி கிண்டல் பண்ணுங்க" என்று கேட்டுக்கொண்டான். அவர்களுக்குச் சொல்லியா தர வேண்டும்? "மாமா தொடைய தட்டறாரு, கொசு ஓடிப்போச்சு!" "இஞ்சின் ஸ்டார்ட் ஆவலடா, தள்ளுங்கடா!" நான் தட்டுவேன், வராது. தட்டுவேன், வராது. தொடை கன்றிப்போய் உட்காரக்கூட முடியாது. தேர்வுக்கு முந்தின நாள் வரை, தட்டினால் சில நேரம் வந்தது, சில நேரம் வரவில்லை. அந்தச் சில நேரத்தை நம்பித்தான் போனோம்.

மைதானத்தில் நல்ல கூட்டம். உங்கள் அம்மாவின் ஊரிலிருந்து பையன்கள் ஒரு பஸ்ஸை நிரப்பிக்கொண்டு வந்திருந்தார்கள். ஆலை ஆள்களும் வந்திருந்தார்கள், வேடிக்கை பார்க்க. தேர்வுக்காரர்கள் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். என் பேரை உங்கள் மாமன் கொடுத்தான். வந்தவர்களை இரண்டு அணியாகப் பிரித்து ஆடவிட்டார்கள்.

முதல் தடவை தொடையைத் தட்டினேன், வந்தது. போய் ஒருவனைத் தொட்டுவிட்டு வந்தேன். மேசையிலிருந்த ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொல்லி என்னைக் காட்டினார். ஆலை ஆள்கள் பக்கம் சத்தம் இல்லை. இரண்டாவது தடவையும் வந்தது. அப்போதுதான் பயம் பிடித்தது. அதுவரை கிடைக்காது என்று தெரிந்ததற்காக ஏங்கிக்கொண்டிருந்தேன். இப்போது கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது.

கடைசி முறை. எங்கள் அணி பின்தங்கியிருந்தது. தட்டினேன், 'க' வந்தது, கோட்டைத் தாண்டினேன். இருவரைத் தொட்டேன். திரும்பும்போது ஒரு நெட்டையன் குப்புற விழுந்து என் கணுக்காலைப் பிடித்தான். இன்னொருவன் இடுப்பில் விழுந்தான். விழுந்தபடியே கோட்டைப் பார்த்து ஊர்ந்தேன். மூச்சு இருந்தது. நிறைய இருந்தது. ஆனால் உருண்டுகொண்டிருந்த பாட்டு அந்தப் பிடியில் தளர்ந்து, ஒவ்வொரு 'க'வும் தனித்தனிக் கதவாக எழுந்து நிற்க ஆரம்பித்தது. ஒன்றைத் திறந்தால் அடுத்தது.

கோட்டருகே உங்கள் மாமன் தரையில் முட்டிபோட்டிருந்தான், அடிபட்ட அந்த முட்டியோடு. என் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு கத்தினான். "வுடாத! வுடாதடா! சடுகுடு, சடுகுடு, சடுகுடு!" அவனுக்குப் பின்னால் ஊர்ப் பையன்கள் எல்லோரும் அதையே பாடினார்கள். அது அவர்கள் பிறந்ததிலிருந்து பாடிவரும் பாட்டு, ஆவேசத்தில் வேறெது வரும்?

உங்களுக்கு ஒன்று தெரிந்திருக்காது. பலபேர் சேர்ந்து சொல்லும்போது எனக்குத் திக்காது. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாட்டைக் கூட்டத்தோடு சொல்லும்போது நானும் நன்றாகச் சொல்வேன். தனியே எழுப்பினால்தான் போச்சு. அந்தக் கூட்டத்தின் குரலுக்குள் என் வாய் தானாகப் போய்ச் சேர்ந்துகொண்டது. எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? ஒரு தடையும் இல்லை. கை கோட்டைத் தாண்டி மண்ணில் பதிந்தது. எல்லோரும் எழுந்து குதித்தார்கள்.

விசில் மட்டும் ஓயாமல் ஊதிக்கொண்டிருந்தது. "பாட்டு மாறிடுச்சு. அவுட்" என்றார் நடுவர்.

எனக்கு அவர் என்ன சொல்கிறார் என்றே விளங்கவில்லை. உங்கள் மாமன் உள்ளே நொண்டிக்கொண்டு ஓடினான். "சார், மூச்சு வுடலயே சார்! எல்லாரும் பாத்தாங்களே! ஒரே மூச்சு சார்!"

நடுவர் கெட்டவர் இல்லை. அவர் முகத்திலும் வருத்தம் இருந்தது. "மூச்சு ஒண்ணுதான்ப்பா. பாட்டு ரெண்டு" என்றார்.

ஆட்டம் முடிந்து எடுக்கப்பட்டவர்களின் பேர்களைப் படித்தார்கள். நடுவில் 'க'வில் ஆரம்பிக்கும் பேர் ஒன்று வந்தது. அந்த ஒரு எழுத்தின் நேரத்துக்கு நான் நிமிர்ந்தேன். அது வேறொருவருடைய பேர்.

கூட்டம் கலைந்தது. ஆலை ஆள்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். யாரும் ரேடியோ என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று இருந்தது. உங்கள் மாமன் நடுக்கோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தான். சுண்ணாம்பு அவன் கால் முழுக்க ஒட்டியிருந்தது. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நான்தான் கெடுத்தேன் மாமா" என்றான்.

இல்லை என்று தலையாட்டினேன். ஆனால் அவன் சொன்னதில் எனக்கு வலித்தது வேறு. முதல் நாள் தடுமாறியதை விட்டால், ஆடும் மண்ணில் கால் வைத்துக்கொண்டு அவன் என்னை மாமா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. இனி மணல் இல்லை, கோடு இல்லை, டேய் இல்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்பதை நடுவரின் விசிலோ பட்டியலோ சொல்லவில்லை, அந்த 'மாமா' என்ற சொல்தான் சொன்னது.

அவனை மாமல்லபுரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். வீட்டுக்குப் போய் உங்கள் அம்மாவிடம் என்ன சொல்வது, மறுநாள் ஆலையில் யார் காலில் விழுவது என்று ஒன்றும் தெரியவில்லை. தெரியாமலேயே பஜார் பக்கம் நடந்தேன். காய்கறிக் கடையில் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எப்போதும் வாங்குகிற கடைதான். கடைக்காரர் என்னைப் பார்த்ததுமே பூசணியை வெட்டக் கத்தியை எடுத்தார்.

வேண்டாம் என்று தலையாட்டினேன். வாயைத் திறந்தேன். கதவு சாத்திக்கொண்டது.

"இன்னா வேணும்? காராமணியா? கருணையா? இதுவா? கையக் காட்டு நைனா, எடுத்துத் தரேன்."

என் முழங்கைக்குப் பக்கத்திலேயே கூடை இருந்தது. ஒரு விரல் நீட்டினால் போதும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். காட்டவும் இல்லை, தொடையைத் தட்டவும் இல்லை. எனக்குப் பின்னால் ஒரு அம்மாள் வந்து நின்று, வாங்கிக்கொண்டு போய்விட்டார். இன்னொருவரும் போனார். கடைக்காரர் பாவமாகப் பார்த்தார், பிறகு கோபமாகப் பார்த்தார், பிறகு வேறு வேலையைப் பார்த்தார். நான் நின்றேன்.

வந்தது. "கத்திரிக்காய்" என்றேன்.

அவர் தராசை எடுத்துக்கொண்டு, "எவ்ளோ?" என்று கேட்டார்.

'அரை' என்று மட்டும் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் எனக்கு வேண்டியது கால் கிலோ. அதில் இரண்டு 'க' இருக்கிறது. மறுபடியும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.